அக்கா படம் இன்னும் சரியா வரல

ஜூன் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரியில நர்ஸம்மா இந்த நோட்டைக் குடுத்தாங்க. அக்காவோட எடை, பிரஷர், குடிச்ச தண்ணி எல்லாம் தினமும் எழுதணுமாம். எழுதிட்டேன். எடை நாப்பத்தி நாலு. பிரஷர் நூத்தி அறுபது. அதுக்குக் கீழ பக்கம் பூரா சும்மா கெடக்கு. அஞ்சாங்கிளாஸோட நின்னவ கையில முழு நோட்டைக் குடுத்தா விடுவேனா? மிச்சத்துல நான் எழுதப் போறேன்.

எங்க அக்கா பேரு சண்முகக்கனி. அம்பத்தாறு வயசு. கல்யாணம் பண்ணிக்கல. தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்து என்னை வளத்துக் கட்டிக் குடுத்தவ. இப்ப அவளுக்கு ரெண்டு கிட்னியும் வேலை செய்யல. செவ்வாயும் வெள்ளியும் சாத்தூர்ல இருந்து விருதுநகர் போயி, நாலு மணி நேரம் மெஷின்ல படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிட்டு வரணும். ஒன்றரை வருசமா இதுதான் எங்க ரெண்டு பேருக்கும் உத்தியோகம்.

இன்னைக்குத் திரும்பி வரும்போது ஆட்டோவுல சொன்னா: "முனீசு, போதும்டி. இனி நான் வரல."

"வராட்டி போ. மெஷினுக்கு நான் யாரைக் காட்டுவேன்? நானே படுத்துக்கவா?"

சிரிக்கல. வீட்டுக்கு வந்ததும் செவத்துல அம்மா படத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. அம்மா செத்தப்ப ஒரு நல்ல போட்டோ கெடையாது. ரேஷன் கார்டுல இருந்ததை எடுத்துப் பெருசாக்கி மாட்டினோம். ஆடு திருடிப் பிடிபட்டவ மாதிரி முழிச்சுக்கிட்டுத் தொங்குது, பாவம்.

"நான் இப்பிடித் தொங்க மாட்டேன்"னா அக்கா. "எனக்கு ஒரு நல்ல படம் போட்டுக் குடு. கறுப்பு வெள்ளையில. கலர்ல எடுத்தா நோவுதான் முன்னாடி வந்து நிக்குது. படத்தை நான் பாத்து, சரின்னு சொன்ன அன்னைக்கு ஆஸ்பத்திரியை நிறுத்திருவேன். அதுவரைக்கும் வாரேன். நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"இவ்வளவுதானா? ரெண்டு நாள் வேலை"ன்னுட்டேன். வாய் சும்மா இருக்காதே எனக்கு.

ஜூன் 5

விக்கிறதுக்கு இட்லி மாவு ஆட்டினேன். பதினெட்டுப் பாக்கெட் போச்சு. ஸ்டூடியோவுக்குப் போவோமான்னு கேட்டா அக்கா கையெடுத்துக் கும்பிடுறா. போன வருசம் ஒரு ஸ்டூடியோவுல எடுத்தோம். முகத்துக்கு வெள்ளையடிச்சு, பின்னாடி அருவி விட்டு, அவ ஜென்மத்துல கட்டாத பட்டுச்சேலையைக் கட்டி விட்டிருந்தாங்க. "அந்தப் படத்தை மாட்டினா எமனே ஆள் மாறிப் போச்சுன்னு திரும்பிப் போயிருவாரு"ன்னு நான் சொன்னதுக்கு அன்னைக்கு அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே.

ஓசூர்ல கம்பெனி வேலைக்குப் போன என் மகன் கபிலன் அவனோட பிரிண்டரையும் பழைய லேப்டாப்பையும் பரண்ல போட்டுட்டுப் போயிருக்கான். எடுத்துத் தொடச்சேன். உள்ள பல்லி முட்டை ரெண்டு.

ஜூன் 6

புறவாசல்ல கொடியில வீட்டுக்காரரோட வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, அதுக்கு முன்னாடி ஸ்டூல் போட்டு அக்காவை உக்கார வச்சேன். அவரு லாரியோட நாசிக் பக்கம் போயிருக்காரு. தன் வேட்டி சினிமா செட் ஆனது தெரியாது.

போன்ல நாப்பது எடுத்தேன். எல்லாத்துலயும் ஊசி போடப் போறாங்கன்ற மாதிரி உக்காந்திருக்கா. கடைசியில, "அக்கா, உன்னைப் பொண்ணு பாக்க வந்தானே மேட்டமலைக்காரன், காப்பியை மேல ஊத்திக்கிட்டவன், அவன் இப்ப வாரானாம்"னேன். வாயைப் பொத்தப் போனா. பொத்துறதுக்கு முன்னாடி அமுக்கிட்டேன். அதுதான் படம். தலை லேசா சாய்ஞ்சு, கண்ணு சிரிக்குது, வாய் இன்னும் சிரிக்க ஆரம்பிக்கல.

ஜூன் 7, வெள்ளி

எடை நாப்பத்தி நாலரை. கால்ல சதை பிடிச்சு இழுத்துச்சாம். தேய்ச்சு விட்டேன்.

ஜூன் 8

கபிலன் போன்ல சொல்லச் சொல்ல வயரெல்லாம் மாட்டினேன். முதல் படம் வெள்ளைத்தாள்ல. குறுக்க குறுக்கக் கோடு. அக்கா ஜெயில்ல கம்பி எண்ணுற மாதிரி இருந்தா.

"மை தெளிக்கிற ஹெட்டு காஞ்சு போயிருக்கும்மா. ரெண்டு வருசமா சும்மா கெடந்துச்சுல்ல. கிளீனிங் குடு."

மூணு தடவை குடுத்தேன். அது கர்ர்ருன்னு இழுத்து, பெருமூச்சு விட்டு, பாதி இங்க்கைக் குடிச்சிட்டுக் கோட்டை மட்டும் குறைச்சுச்சு.

ஜூன் 10

போட்டோ பேப்பர் வாங்கிட்டு வந்தேன். படம் மெதுவா வெளிய வந்துச்சு. விரலால தொட்டேன். முகம் கையோட வந்துருச்சு. மை அப்படியே வழியுது. ஈரமாவுக் கையோட தொட்டேனோன்னு கையைக் கழுவித் தொடச்சிட்டு இன்னொண்ணு போட்டேன். அதுவும் வழியுது. நாலு பேப்பர் போனதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு, பேப்பரைத் திருப்பி வச்சிருக்கேன். மினுங்குற பக்கத்துலதான் அச்சு விழணுமாம். முதுகுல போட்டா ஒட்டாதாம்.

வழிஞ்ச படத்தை அக்கா கிட்டக் காட்டினேன். "நான் செத்ததுக்கு நானே அழுத மாதிரி இருக்குடி"ன்னா. ரெண்டு பேரும் சிரிச்சு அவளுக்கு மூச்சு வாங்கிருச்சு.

ஜூன் 11, செவ்வாய்

போனோம். வந்தோம்.

ஜூன் 13

இன்னைக்குக் கோடு இல்ல, வழியல. நானே எனக்குக் கை தட்டிக்கிட்டேன். டியூப்லைட்டுல பாத்தா லேசா ரோஸ் அடிக்குது. சரி, வெளிய போய்ப் பாப்போம்னு வெயில்ல வச்சா பச்சை. பச்சோந்தி மாதிரி எடத்துக்கு எடம் மாறுறா.

தூக்கிட்டுக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரப் பொண்ணு ஜெசிந்தா நம்ம மாவு வாடிக்கைதான். பாத்ததும் சொல்லிட்டா: "அக்கா, உங்க பிரிண்டர்ல கறுப்பு ஒண்ணு, கலர் மூணு. சாம்பல் நிறம் வேணும்னா மூணு கலரையும் கலந்து அதுவா ஒரு சாம்பலைப் பண்ணுது. அதான் பச்சை, ரோஸெல்லாம் எட்டிப் பாக்குது. கிரேஸ்கேல்னு, கறுப்பு வெள்ளைக்குன்னே ஒரு எடம் இருக்கும், அதை டிக் பண்ணுங்க. பேப்பர் என்ன ரகம்னும் சொல்லணும். மேட் பேப்பர் வாங்கிக்கோங்க, மினுங்காது."

"அதுக்கு எல்லாத்தையும் சொல்லணுமா? கட்டின புருசனுக்குக் கூட இவ்வளவு சொன்னதில்லையே."

"புருசன் சொன்னாக் கேக்க மாட்டாரு, இது கேக்கும். அப்புறம் முழுத்தாள்ல போட்டுப் பாக்காதீங்க. முகத்துல ஒரு துண்டை மட்டும் போட்டுப் பாருங்க. போட்டதும் முடிவு பண்ணாதீங்க, ஒரு நாள் காயணும். யார் படம்க்கா?"

"எங்க அக்கா. சினிமாவுல கேட்டிருக்காங்க."

ஜூன் 14, வெள்ளி

எடை நாப்பத்தி மூணே முக்கால். மெஷின்ல படுத்திருக்கும்போது கேக்குறா, "படம் எம்மட்டுல இருக்கு?"

"மூக்கு வந்திருக்கு. மத்ததெல்லாம் அடுத்த வாரம்."

ஜூன் 16

துண்டு துண்டாப் போட்டுப் பாக்குறேன். ஒரு கண்ணும் பாதி மூக்கும் மட்டும். செவத்துல பதினோரு துண்டு ஒட்டியிருக்கேன். பதினோரு அக்கா ஒத்தைக் கண்ணால என்னைப் பாக்குறாங்க. ஒவ்வொண்ணுக்கும் கீழ எழுதி வச்சிருக்கேன்: இது அடுப்புக்கரி, இது விபூதி, இது கேப்பை மாவு, இது பழைய ஈயச்சட்டி. கறுப்பு கரியாட்டம் இருக்கணும், ஆனா கரிக்குள்ள முடி ஒவ்வொண்ணும் தெரியணும். வெள்ளை இட்லியாட்டம் இருக்கணும், ஆனா வேட்டியோட மடிப்பு தெரியணும். லேப்டாப் வெளிச்சத்தைக் குறைச்சதுக்கு அப்புறம்தான் பேப்பர்ல வர்றதும் அதுல தெரியறதும் ஒண்ணாச்சு. இதையெல்லாம் யாரும் சொல்லித் தரல. மாவுப் பதம் பாத்த கண்ணு, அவ்வளவுதான்.

ஜூன் 18, செவ்வாய்

ஆட்டோ அந்தோணி அண்ணன் இன்னைக்கு அரைமணி தாமதம். அக்காவை ரெண்டு பேரும் தாங்கித்தான் ஏத்தினோம். எனக்கும் இடுப்பு விட்டுப் போச்சு.

ஜூன் 19

முழுப்படம் போட்டேன். ராத்திரி பூரா காய விட்டுக் காலையில வெயில்ல பாத்தேன். பச்சை இல்ல. டியூப்லைட்டுல பாத்தேன். ரோஸ் இல்ல. ஒவ்வொரு முடியும் தெரியுது. கண்ணுக்குள்ள கொடியும் வேட்டியும் கூடக் குட்டியாத் தெரியுது. என்னையே பாக்குறா, ஏதோ பதில் சொல்ல வாயைத் திறக்கப் போற மாதிரி.

கொஞ்சம் இருட்டோன்னு ஒரு சந்தேகம். ஜெசிந்தா கிட்டக் காட்டலாம்னா அவளுக்கு வேலை இருக்கும். தூசி படாம இருக்கட்டும்னு கவர்ல போட்டு அரிசி டிரம்முக்குப் பின்னாடி வச்சேன்.

அக்காவுக்கு அந்த ரோஸ் படத்தைக் காட்டினேன்.

"என்னடி, ரோஸ் பவுடர் அப்பின மாதிரி இருக்கேன்."

"அதான் அக்கா. இன்னும் சரியா வரல."

"ம். அப்ப வெள்ளிக்கிழமை போகணும்."

"போய்த்தான் ஆகணும்."

ஜூன் 21, வெள்ளி

போனோம்.

ஜூன் 23

படம் கொஞ்சம் வெளிறி வந்துச்சு. அக்கா பாத்துட்டு வேணாம்னுட்டா. பதினாறு பாக்கெட் மாவு. மழை வர்ற மாதிரி வந்து ஏமாத்திருச்சு.

ஜூன் 24

கபிலன் போன் பண்ணினான். "இன்னுமாம்மா முடியல? செட்டிங்கை ஒரு தடவை சரி பண்ணினா அது அப்படியே வருமே?"

"உன் பிரிண்டர் உன்னை மாதிரியே இருக்குடா. ஒருநாள் வச்ச மாதிரி மறுநாள் இருக்க மாட்டேங்குது."

"நீ பண்றது என்னன்னு எழுதி அனுப்பு, பாக்குறேன்."

அடுப்புல பால் பொங்குதுன்னு வச்சுட்டேன். பால் வாங்கவே இல்ல இன்னைக்கு.

ஜூன் 25, செவ்வாய்

எடை நாப்பத்தி மூணு. மெஷின்ல இருக்கும்போதே வாந்தி. நான் துண்டை வச்சுக்கிட்டு நின்னேன். பக்கத்துக் கட்டில் அம்மா கேட்டாங்க, நீங்க மகளான்னு. "இல்லம்மா, மாமியார்"னேன். அந்த அம்மா சிரிச்சாங்க. அக்கா கண்ணை மூடிக்கிட்டா.

ஜூன் 27

படம்: முகத்துல கோடு. அக்கா வேணாம்னுட்டா.

ஜூன் 28, வெள்ளி

ரெண்டு மணி நேரத்துல பிரஷர் எறங்கிப் போச்சு. எல்லாரும் ஓடி வந்தாங்க. காலைத் தூக்கி வச்சு, மருந்து ஏத்தி, என்னை வெளிய நிக்கச் சொல்லிட்டாங்க. கதவுல வட்டமாக் கண்ணாடி இருக்கு. அது வழியா அக்காவோட பாதம் மட்டும் தெரிஞ்சுச்சு. ஒரு காலுக்குச் செருப்புக் கழட்டாம விட்டுட்டேன் போல.

திரும்பி வரும்போது ஆட்டோவுல என் தோள்ல சாய்ஞ்சுக்கிட்டுக் கேட்டா: "இன்னும் எத்தனை படம்டி?"

நான் ஏதாவது சொல்லியிருப்பேன். என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்ல.

ஜூன் 30

மாவு ஆட்டல. படுத்துக் கெடந்தேன்.

ஜூலை 1

இன்னைக்கு நடந்ததை எழுதித்தான் ஆகணும்.

படத்துல தூசி மாதிரி வெள்ளைப் புள்ளி நெறைய இருந்துச்சு. வேட்டியில, சேலையில, தோள்ல. லேப்டாப்புல அதையெல்லாம் அழிக்க ஒண்ணு இருக்கு. பெருசாக்கி வச்சுக்கிட்டு, புள்ளி மேல கொண்டு போய் அமுக்கினா போயிரும். வயக்காட்டுல களை எடுக்குற மாதிரி ஒவ்வொண்ணா எடுத்தேன். தூக்கம் கண்ணைக் கட்டுது. முகத்துலயும் ஒரு பெரிய வெள்ளைப் புள்ளி இருந்துச்சு. எடுத்தேன். படம் போட்டேன். அக்கா கையில குடுத்தேன்.

ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் கேட்டா: "மூக்குத்தி எங்கடி?"

வாங்கிப் பாத்தேன். மூக்கு மொழுக்குன்னு இருக்கு. அந்தக் கல்லு கலர்லதான் சிவப்பு. கறுப்பு வெள்ளையில வெளிச்சம் பட்டு வெள்ளைப் புள்ளியாத் தெரிஞ்சிருக்கு. தூசின்னு தொடச்சு எடுத்துட்டேன்.

எங்க பக்கத்துல மூக்குத்தியை எப்பக் கழட்டுவாங்கன்னு எழுத வேண்டியதில்ல. கடைசியாக் குளிப்பாட்டுறப்பதான் கழட்டுவாங்க.

"அக்கா, சத்தியமாத் தெரியாமப் பண்ணிட்டேன்க்கா."

"தெரியும். இதுதான் நீ தெரியாமக் கெடுத்தது"ன்னா.

"அப்பிடின்னா?"

"கெடுக்கணும்னா வேற எதையாவது கெடு முனீசு. கோடு போடு. ரோஸ் அடி. இதுல கை வைக்காத."

அவ எதைச் சொல்றான்னு எனக்குப் புரியல. கடுங்காப்பி போட்டுக் குடுத்தேன். குடிக்கல.

ஜூலை 2, செவ்வாய்

ஆட்டோவுல ஒரு வார்த்தை பேசல. நானும்தான். அந்தோணி அண்ணன் கண்ணாடியில பாத்துட்டு, "என்னம்மா, ரேடியோ ரிப்பேரா?"ன்னாரு.

ஊசி குத்துறப்ப மட்டும் என் கையைப் பிடிச்சா. முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் கயிறு முறுக்கின மாதிரி ரத்தக்குழாய் எழும்பி நிக்குது. ஒன்றரை வருசம். வாரத்துக்கு ரெண்டு நாள். தடவைக்கு ரெண்டு ஊசி. நான் கணக்குல மக்கு. ஆனா அந்தக் கையைப் பாத்தா கணக்குத் தெரியாதவளுக்கும் தெரியும்.

ஜூலை 3

மாவு பத்துப் பாக்கெட். புளிச்சிருச்சு.

ஜூலை 5, வெள்ளி

போனோம். வந்தோம். நாலு மணி நேரமும் அவ முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். கேலி பண்ண ஒண்ணும் தோணல.

ஜூலை 6

காலையில அரிசி டிரம்மை நகட்டி, கவரை எடுத்துட்டுப் போய் அக்கா கட்டில்ல உக்காந்தேன்.

"அக்கா. படம் வந்துருச்சு."

கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாத்தா. ஜன்னல் பக்கம் திருப்பிப் பாத்தா. டியூப்லைட்டைப் போடச் சொல்லிப் பாத்தா. மூக்குத்தியைத் தடவினா.

"எப்பப் போட்டே இதை?"

"பதினேழு நாள் ஆச்சு."

"பதினேழு நாளா இதை எங்க வச்சிருந்தே?"

"அரிசி டிரம்முக்குப் பின்னாடி."

"எலி கடிச்சிருந்தா?"

"எலிக்கும் உன்னைப் பாத்தா பயம்தான்."

அவ என் தலையில ஒரு குட்டு வச்சா. பலமே இல்ல அந்தக் குட்டுல.

"படம் நல்லாருக்கு. சரின்னு சொல்லிட்டேன். செவ்வாக்கிழமை வரமாட்டேன்"னா.

இதுவரைக்கும் அவ இதைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் நான் ஏதாவது பேசி மழுப்பியிருக்கேன். பேச்சு குடுத்துக் குடுத்தே ஆட்டோவுல ஏத்தியிருக்கேன். வர்றியா வரலியான்னு ஒரு நாளும் கேட்டதில்ல.

"சரிக்கா"ன்னேன்.

அவ என்னை ஒரு மாதிரியாப் பாத்தா. இன்னும் ஏதோ சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்த மாதிரி. நான் எந்திரிச்சுப் போயிட்டேன். அரிசி ஊறப் போடணும்.

ஜூலை 7

கபிலனுக்குச் சொன்னேன். வீட்டுக்காரருக்கும் சொன்னேன். வண்டியைத் திருப்பிட்டு வர்றேன்னாரு. வேணாம், லோடை எறக்கிட்டே வாங்கன்னேன்.

ஜூலை 8

அக்கா படத்தை மடியில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தா. ஜெசிந்தா மாவு வாங்க வந்தவ பாத்துட்டு, "யாருக்கா போட்டது, கடையில கூட இப்பிடி வராது"ன்னா. அக்காவுக்குக் கால் வீங்க ஆரம்பிச்சிருச்சு.

ஜூலை 9, செவ்வாய்

காலையில அஞ்சரைக்கு அந்தோணி அண்ணன் ஹாரன் அடிச்சாரு. போன் பண்ணிச் சொல்லியிருக்கணும், சொல்லல. வெளிய போய், "இன்னைக்கு இல்லண்ணே. இனிமே வர வேண்டாம்"னேன். அவரு என் முகத்தைப் பாத்துட்டு ஏன்னு கேக்கல. வண்டியைத் திருப்பினாரு.

உள்ள வந்தா அக்கா எந்திரிச்சு உக்காந்திருக்கா. சேலை மாத்தியிருக்கா. அவளா எப்பிடி மாத்தினான்னு தெரியல. கொசுவம் கோணலா இருக்கு.

"அவரு போயிட்டாரா?"

"போகச் சொல்லிட்டேன்."

"நீயே சொன்னியா?"

"நான்தான் சொன்னேன்."

படத்தைத் தூக்கி எனக்கு நேரா பிடிச்சா. "இதைப் பாரு. இவளைப் பாத்தா சாகப் போறவ மாதிரியா இருக்கு? குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கா. இதை மாட்டி மாலை போட்டா வர்றவங்க என்ன சொல்லுவாங்க? நல்லாத்தான இருந்தா, தங்கச்சிக்காரிதான் பாக்காம விட்டுட்டான்னு உன்னைத்தான் பேசுவாங்க."

"பேசிட்டுப் போகட்டும்."

"நீ பேசாம இருப்பியா? துஷ்டி வீட்டுல எல்லார் கூடயும் சண்டைக்கு நிப்பே. எனக்குத்தான் அசிங்கம்." செருப்பைக் காலால துழாவினா. "போன் போட்டு அந்தோணியைக் கூப்பிடு. இன்னைக்கு நானா வாரேன். வெள்ளிக்கிழமை கதையை வெள்ளிக்கிழமை பாப்போம். வரலைன்னா வரலைதான், அப்ப நீ இதே மாதிரி சரின்னுதான் சொல்லணும்."

"சரி."

"நெசமா?"

"நெசமாத்தான் அக்கா."

அந்தோணி அண்ணன் முக்கு கூடத் தாண்டல. டீக்கடையில நின்னுக்கிட்டு இருந்திருக்காரு.

இப்ப மெஷின் ஓடுது. பதினொரு மணி. நான் ஸ்டூல்ல உக்காந்து எழுதுறேன், முதுகு வலிக்குது. அக்கா தூங்குறா. வாயை ஆன்னு திறந்து, ஒரு பக்கம் எச்சில் ஒழுக, குறட்டை வேற. போன்ல ஒரு படம் எடுத்து வச்சிருக்கேன். முழிச்சதும் காட்டணும். வெள்ளிக்கிழமை வரலைன்னா, மாட்டுறதுக்கு இதைத்தான் பெருசாப் போடுவேன்னு சொல்லணும்.